நாற்பத்தொன்பதாவது நிமிடம்

"ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. போதுமா மேடம்? ஸ்கூல்ல கூட நான் இவ்வளவு ஒழுங்கா எண்ணினது கிடையாது" என்றான் பாலிசி.

ஆபரேட்டரம்மா கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை எண்ணு."

"மூணு தடவை எண்ணியாச்சே!"

"நாலாவது தடவை எண்ணினா வாய் வலிச்சுடுமா? அதுவும் உன் வாய்க்கு?"

பாலிசி முனகிக்கொண்டே லேப்டாப்பின் பக்கம் காதைச் சாய்த்தான். டிக், டிக், டிக். காலியான ஓர் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. அந்த அறையில் ஒரு மனிதன் சாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அதுதான் வழக்கு. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால், ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தின் மூன்றாவது மாடியில் அதன் முதலாளி மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். போலீஸுக்குப் போன் செய்தவர் அங்கே வேலை பார்த்த சவுண்ட் இன்ஜினீயர். சட்டையெல்லாம் ரத்தத்தோடு நின்றவரை, போன் செய்ததற்கு நன்றி சொல்லி அப்படியே உள்ளே தள்ளினார்கள். நாளைக் காலை கோர்ட்டில் குற்றப்பத்திரிகை. அதற்குள் ஏதாவது ஒன்று கையில் கிடைக்காவிட்டால் மனிதர் வெளியே வர எத்தனை வருடமாகுமோ, வக்கீலே கையை விரித்துவிட்டார். அதன் பிறகுதான் இன்ஜினீயரின் மனைவி, ஒரு நர்ஸ், ஆபரேட்டரம்மாவைத் தேடி வந்தாள்.

ஆபரேட்டரம்மா இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவர். ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், பத்து வருடம் கழித்து நடுத்தெருவில் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் துப்பறியும் அலுவலகம் திறந்தார். பாலிசி அவரிடம் காப்பீடு விற்க வந்தவன். மூன்று மணி நேரம் பேசியும் ஒன்றும் விற்க முடியாமல், கடைசியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"அறுபது" என்றான் பாலிசி நாலாவது முறையாக.

"அறுபத்தஞ்சு செகண்ட்" என்றார் ஆபரேட்டரம்மா. "நாலு தடவையும் அறுபது டிக்குக்கு அறுபத்தஞ்சு செகண்ட்."

"பேட்டரி தீரப்போற கடிகாரம். இதுக்காகவா என் தொண்டைத் தண்ணி வத்துச்சு?"

ஆபரேட்டரம்மா, வக்கீல் மூலம் வாங்கிய போலீஸ் பதிவின் நகலை நாற்பத்தொன்பதாவது நிமிடத்துக்கு நகர்த்தினார். தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றிருந்த நர்ஸ் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் பின்னால் அவள் தம்பி நின்றான். முப்பது வயது இருக்கும், ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லி. அவனும் அதே கூடத்தில்தான் வேலை, ஒயர் மாட்டுவது, பதிவுக்கு நாள் குறிப்பது என்று எல்லாவற்றுக்கும் அவன்தான். மாமா உள்ளே போன நாளிலிருந்து வக்கீல் வீடு, ஜெயில், கோர்ட் என்று அக்காவோடு நாயாக அலைந்துகொண்டிருந்தான்.

லேப்டாப்பில் கதவு திறந்தது. கனத்த குரல் ஒன்று கத்தியது. "இருபது நாள் வேலைடா! மொத்தமா அழிச்சிட்டு நிக்கிறியே! ரெண்டு பேரும் வெளியே போங்க, இந்தப் பக்கமே வரக்கூடாது!" அதைவிடக் கட்டையான இன்னொரு குரல், அடித்தொண்டையில் கெஞ்சியது. "கை வைக்காதீங்க சார்..." ஏதோ இழுபறி. பெரிய சத்தம் ஒன்று. பிறகு எதுவுமே இல்லை, டிக் சத்தம்கூட இல்லை. விழுந்தவரோடு மைக்கும் சாய்ந்து ஒயர் பிடுங்கிக்கொண்டதாகப் போலீஸ் எழுதியிருந்தது.

"இது அவர் குரலே இல்லம்மா" என்றாள் நர்ஸ். "பதினோரு வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? இது சளி பிடிச்ச ஆள் குரல். போலீஸ்ல சொன்னா, பொண்டாட்டி வேற எப்படிச் சொல்வாங்கறாங்க."

"முதலாளி குரல்?"

"அதுவும் ஒரு மாதிரிதான் இருக்கு. அவர் கீச்சுன்னு பேசுவாரு."

"ஒருத்தர் குரல் கட்டியிருந்தா சளி" என்றார் ஆபரேட்டரம்மா. "சண்டை போடற ரெண்டு பேருக்கும் கட்டியிருந்தா? கூட இருந்த கடிகாரத்துக்கும் சளி பிடிச்சிருந்தா?"

இந்த அம்மாள் இப்படி எதையாவது கேட்டுவிட்டு எழுந்து செருப்பு மாட்டினால் அன்றைக்குச் சாப்பாடு தாமதம் என்று பாலிசிக்குத் தெரியும். அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"நானும் வரட்டுமா? எனக்கு அந்த ரூம் தெரியும்" என்றான் தம்பி.

"வேண்டாம்பா. அக்காவைத் தனியா விடாதே."

*

கூடத்தின் வாசலில் கான்ஸ்டபிள் வக்கீல் கடிதத்தை இரண்டு முறை படித்து, ஒரு மணி நேரம்தான் என்று சொல்லி முத்திரையைப் பிரித்தார். உள்ளே போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். பிணம் கிடந்த அறையென்றால் போலீஸுக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

சுவரெல்லாம் தடித்த பஞ்சு அட்டை. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அறுந்து போனது. தரையில் சுண்ணக்கட்டியில் ஓர் உடம்பின் கோடு, தலை இருந்த இடத்தில் கறுத்த திட்டு, பக்கத்தில் மைக் தாங்கியின் வட்டமான இரும்புப் பாதம். பாலிசி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அங்கே அந்தக் கடிகாரம் இருந்தது.

"மணி என்ன காட்டுது?"

"ரெண்டு பதினேழு."

"உன் போன்ல?"

"ரெண்டு பதினேழு." பாலிசி தலையைச் சொறிந்தான். "சரியா ஓடுதே."

"பன்னிரண்டு நாளா இந்த ரூமை யாரும் திறக்கலை. அறுபது டிக்குக்கு அஞ்சு செகண்ட் பிந்தற கடிகாரம்னா இப்ப இருபத்திரண்டு மணி நேரம் பிந்தியிருக்கணும், ரெண்டு பதினேழு காட்டாது. கடிகாரத்து மேல தப்பில்ல."

"அப்ப யாரு மேல தப்பு?"

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே மேசை மேல் புத்தம்புது டிஜிட்டல் மிக்ஸர். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகக் கிழிக்கவில்லை. அதிலிருந்து ஒரே ஒரு மெல்லிய ஒயர் கம்ப்யூட்டருக்குப் போனது. இன்ஜினீயர் போலீஸில் சொன்னது இதைத்தான். புது மிக்ஸரைக் கம்ப்யூட்டரோடு இணைத்த முதல் நாள் யாரும் நேராக வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். காலி அறையில் மைக்கைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் சும்மா பதிவு ஓட விடுவார்கள். நடுவில் எங்கேயாவது பிசிறு தட்டினால் இரண்டு கருவிக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அன்று சரியாக நாலு மணிக்குப் பதிவை ஓட விட்டு, நாலு பத்துக்கு அவர் டீ குடிக்க வெளியே போனார்.

இன்ஸ்பெக்டருக்கு அது லட்டு மாதிரி கிடைத்த சாட்சி. பதிவு தொடங்கியது நாலு மணி. அடி விழுந்தது நாற்பத்தொன்பதாவது நிமிடம். ஆகவே கொலை நாலு நாற்பத்தொன்பது. அன்று கட்டடத்தில் மற்ற அலுவலகங்களுக்கு விடுமுறை, இருப்பது ஒரே கேட், அதில் ஒரு கேமரா. அதன்படி நாலு நாற்பத்தாறுக்குத் தம்பி வெளியே போனான், நாலு நாற்பத்தேழுக்கு இன்ஜினீயர் உள்ளே வந்தார். அப்புறம் மேலே இருந்தது இரண்டே பேர். ஒருத்தர் செத்தார். மிச்சம் யாரென்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

ஆபரேட்டரம்மா மிக்ஸரையும் கம்ப்யூட்டரையும் உயிர்ப்பித்தார். மிக்ஸரின் சின்னத் திரையில் பச்சை எழுத்தில் 48 என்று வந்தது. கம்ப்யூட்டரில் பதிவுக் கோப்பின் மூலையில் 44.1 என்றிருந்தது.

"ஆகா" என்றார் அவர். குரலில் சந்தோஷம் இல்லை, பல்வலிக்குக் காரணமான பல்லைத் தொட்டுவிட்டவர் மாதிரி இருந்தது.

"என்ன ஆகா? ரெண்டு நம்பர் வேற வேறயா இருக்கு. என் போன்லயும் ஆயிரம் நம்பர் இருக்கு."

"எங்க எக்ஸ்சேஞ்சுல நூறு மெஷின் இருந்தாலும் ஓடறது ஒரே கடிகாரத்துக்குத்தான். ஏன்னா மெஷின் சத்தத்தை முழுசா வாங்காது, பொடிப்பொடியா நறுக்கித்தான் வாங்கும். இந்த மிக்ஸர் ஒரு செகண்டை நாற்பத்தெட்டாயிரம் துண்டா நறுக்கி அனுப்புது. கம்ப்யூட்டர் என்ன நினைக்குது? நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு சேர்ந்தா ஒரு செகண்ட்னு நினைக்குது."

"மிச்சத் துண்டு எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. அடுத்த செகண்டோட சேர்ந்துடும். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தெட்டு வரி எழுதின கதையை, பக்கத்துக்கு நாற்பத்து நாலு வரின்னு அச்சடிச்சா என்ன ஆகும்?"

"புத்தகம் குண்டாகும். விலையை ஏத்தலாம்."

"அதேதான். கதை அதே கதை, பக்கம் மட்டும் கூடிப்போச்சு. இங்க பக்கம்னா நிமிஷம். போலீஸ் இந்தக் கோப்பை எடுத்துட்டுப் போய் அவங்க கம்ப்யூட்டர்ல போட்டாங்க. எல்லாம் இழுத்துக்கிட்டு, குரல் கட்டி, மெதுவா ஓடுது. இங்கேயே போட்டா?"

அவர் விசையை அழுத்தினார். அதே மிக்ஸர், அதே ஒயர், அதே தப்பு. போகும்போது பிசகினது திரும்பி வரும்போது நேராகிவிட வேண்டும்.

ஸ்பீக்கரில் டிக் என்றது. சுவரில் டிக் என்றது. பாலிசி மூச்சைப் பிடித்துக்கொண்டான். செத்துப்போன ஒரு மத்தியானத்தின் கடிகாரமும் சுவரில் தொங்கும் கடிகாரமும் ஒன்றோடொன்று கைகோத்து நடந்தன. பத்து, இருபது, அறுபது. ஒரு டிக்கும் பிந்தவில்லை.

"நாற்பத்தொன்பதைப் போடு. உன் போன்ல இதைப் பதிவு பண்ணிக்கோ, ஸ்பீக்கர் கிட்ட பிடி."

கதவு. "இருபது நாள் வேலைடா! மொத்தமா அழிச்சிட்டு நிக்கிறியே!" இப்போது குரல் கீச்சென்றுதான் இருந்தது, நர்ஸ் சொன்ன மாதிரியே. அதற்குப் பதிலாக இன்னொரு குரல், மெல்லியது, உடைந்துபோகிற மாதிரி. "கை வைக்காதீங்க சார்..." இழுபறி. அந்தச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

இரண்டாவது குரலை எங்கேயோ கேட்ட மாதிரி பாலிசிக்கு இருந்தது, ஆனால் அவன் நிற்கவில்லை. போன் கால்குலேட்டரில் தட்டோ தட்டென்று தட்டினான். "நாற்பத்தொன்பது நிமிஷம்னு காட்டினா நிஜத்துல நாற்பத்தஞ்சு நிமிஷம்! அதுக்கு மேல ஒரே ஒரு செகண்ட்! மேடம், கொலை நாலு நாற்பத்தஞ்சு! நம்ம ஆளு கேட்டுக்குள்ள வந்ததே நாற்பத்தேழு! அப்பாடா, தப்பிச்சான் மனுஷன்! முதல்ல அந்த அம்மாவுக்குப் போன் போடறேன், பாவம் பன்னிரண்டு நாளா..."

ஆபரேட்டரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"போடாதே. முதல்ல ஜெயிலுக்குப் போவோம்."

"நல்ல சேதியை யாராவது ஊறப்போடுவாங்களா?"

"நல்ல சேதின்னா அவருக்கு ஏன் இது தெரியாமப் போச்சு, பாலிசி?" அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நாம நாலு தடவை எண்ணிக் கண்டுபிடிச்சதை, இதே தொழில்ல ஊறின ஆள் ஒரே டிக்ல கண்டுபிடிச்சிருக்கணும். போலீஸ் அவர் முன்னாடிதான் இதைப் போட்டுக் காட்டினாங்க. பன்னிரண்டு நாளா ஏன் வாயைத் திறக்கலை?"

*

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இன்ஜினீயர் வந்து உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவ சாப்பிடறாளா?"

ஆபரேட்டரம்மா வலைக்கு அருகே குனிந்தார். "நாற்பத்தெட்டு" என்றார்.

விடுதலை கிடைக்கப்போகிறவனின் முகம் எப்படி மலரும் என்று பார்க்கக் காத்திருந்தான் பாலிசி. அந்த முகம் மலரவில்லை. சுவரில் ஈரம் இறங்குகிற மாதிரி ரத்தம் வடிந்து வெளுத்தது. இன்ஜினீயர் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நாளைக்கு ஒரு நாள் பேசாம இருங்க, போதும்."

பாலிசிக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு நாற்பத்தைந்துக்கு அடி. நாலு நாற்பத்தாறுக்குக் கேட்டில் ஒருத்தன் வெளியே போகிறான். அடி விழுந்த நேரத்தில் மூன்றாவது மாடியில் இருந்து, ஒரு நிமிடத்தில் படியிறங்கி ஓட முடிந்தவன். காலையில் சமையலறை வாசலில் அக்காவின் பின்னால் நின்ற ஒல்லி ஆள். அவன் குரல்! அட கடவுளே, அந்த மெல்லிய குரல்!

"கேட்ல அவனைப் பார்த்தீங்க, இல்ல?" என்றார் ஆபரேட்டரம்மா.

"பேயறைஞ்ச மாதிரி ஓடி வந்தான். மாமா, மேலே போகாதீங்கன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் போனேன். முதலாளியைத் தூக்கிப் பார்த்தேன், மூச்சில்ல." இன்ஜினீயர் கண்ணை மூடிக்கொண்டார். "வேணும்னு பண்ணலைம்மா அவன். ஒரு பெரியவர் இருபது நாள் உக்காந்து ஒரு புத்தகத்தை முழுசா வாசிச்சுக் கொடுத்திருந்தாரு. வாசிச்சு முடிச்சதும் படுத்த படுக்கை, இனிமே வந்து வாசிக்க முடியாது. அதை இவன் டிஸ்க்கைச் சுத்தம் பண்றேன்னு அழிச்சுட்டான். என்னையும் சேர்த்து வெளியே போகச் சொல்லி முதலாளி இவன் சட்டையைப் பிடிச்சிருப்பாரு. இவன் தள்ளிவிட்டிருப்பான். அவர் விழுந்த இடத்துல அந்த இரும்பு இருந்திருக்கு."

"அந்த ஒயரை மாட்டினதும் அவன்தானா?"

"அவன்தான். ரெண்டையும் நாற்பத்தெட்டுல வைடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒண்ணை வெச்சான், இன்னொண்ணை மறந்துட்டான். எதைச் செஞ்சாலும் பாதிதான் செய்வான்." அவர் உதடு கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று பாலிசிக்குத் தெரியவில்லை. "போலீஸ் ஸ்டேஷன்ல அதைப் போட்டதும் முதல் டிக்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் செஞ்ச தப்பே அவனைக் காப்பாத்துதே, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"உங்க பொண்டாட்டிக்காகவா?"

"அவங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு, அவளுக்குப் பதினாலு. அவன் அவளுக்குத் தம்பி இல்லம்மா, மகன். எங்களுக்குக் குழந்தை இல்ல. ஆனா அந்தக் குறை அவளுக்கு இருந்ததே இல்ல, அவன் இருந்தான்ல. நான் உள்ள இருந்தா அவ அழுவா, அழுதுட்டு அவனுக்குச் சோறு போடுவா. அவன் உள்ள போனா அவ பிழைக்க மாட்டா."

பேசாமல் இருந்துவிடலாமே என்று ஒரு நிமிடம் பாலிசிக்கே தோன்றிவிட்டது.

ஆபரேட்டரம்மா எழுந்தார். "செத்தவருக்கும் ஒரு வீடு இருக்குய்யா. அவர் பொண்டாட்டி நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து உங்க மூஞ்சியைப் பார்த்துச் சபிப்பா. தப்பான மூஞ்சி. அதை விடுங்க. உங்க வீட்டம்மாவுக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு அவளைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டீங்களே. என்னைத் தேடி வந்தது அவ. எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியணும்."

"அம்மா!"

அந்தக் கூப்பாடு வராந்தா முனை வரைக்கும் அவர்கள் பின்னாலேயே வந்தது. ஆபரேட்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வெயிலில் வந்து நின்றதும் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்தப் போன் கீழே விழுந்து உடைஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குவோம். என் போன் அடிக்கடி விழும்."

"விழட்டும். இன்னொரு தடவை போய்ப் பதிவு பண்ணுவேன்."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"இருக்கறதாலதான் இன்னிக்கே போறேன். இருபது வருஷம் கழிச்சு இது அவளுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கு ரெண்டு பேரையும் ஒரே நாள்ல இழப்பா."

*

நர்ஸ் மாலை வேலைக்குக் கிளம்பி, வெள்ளைச் சேலையில் வீட்டுக் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மருந்துக் கடைக்குப் போயிருந்தான். அக்காவுக்கு மூன்று நாளாகத் தலைவலி.

"என்னம்மா கிடைச்சுது? ஏதாவது கிடைச்சுதா?"

"உங்க வீட்டுக்காரர் செய்யலை" என்றார் ஆபரேட்டரம்மா. "அடி விழுந்தது நாலு நாற்பத்தஞ்சு. அவர் அப்ப உள்ளேயே இல்ல. இதை நாளைக்குக் காட்டினா அவரை விட்டுடுவாங்க."

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். வாயிலிருந்து சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. பாலிசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த ஒரு நிமிடத்தோடு கதை முடிந்துவிடக் கூடாதா என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"இன்னும் இருக்கும்மா" என்றார் ஆபரேட்டரம்மா. "நீங்க காலையில கேட்டது இழுத்த குரல். இது நிஜக் குரல். கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்."

பாலிசி போனை மேசை மேல் வைத்தான். முதல் தடவை வேறு எதையோ அழுத்திவிட்டான். இரண்டாவது தடவை சரியாக அழுத்தினான்.

கதவு திறந்தது. "இருபது நாள் வேலைடா! மொத்தமா அழிச்சிட்டு நிக்கிறியே! ரெண்டு பேரும் வெளியே போங்க..."

"கை வைக்காதீங்க சார்..."

நர்ஸின் கை கன்னத்திலேயே நின்றுபோனது. அவள் கேட்கவேண்டியது அவ்வளவுதான். அவள் தாலாட்டி அழுகையை நிறுத்திய குரல், காய்ச்சலில் அரற்றக் கேட்ட குரல், பதின்வயதில் உடைந்தபோது அவள் கேலி செய்து சிரித்த குரல். அதை அடையாளம் காண அவளுக்கு மூன்று வார்த்தை அதிகம்.

போனில் அந்தச் சத்தம் விழுந்தபோது வாசல் கதவும் திறந்தது. தம்பி மருந்துப் பொட்டலத்தோடு நிலைப்படியில் நின்றான். தன் குரல் வீட்டுக்குள்ளிருந்து தனக்கே கேட்டதில் அவன் முகம் செத்துப்போயிருந்தது.

பாலிசி போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"பன்னிரண்டு நாள்" என்றாள் நர்ஸ். குரல் ஏறவே இல்லை. "பன்னிரண்டு நாளா என் கையால சாப்பிட்டியேடா. எப்படி இறங்குச்சு?"

"இறங்கலைக்கா" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "தினம் ராத்திரி சொல்லணும்னு வருவேன். நீ தூங்காம உக்காந்திருப்ப. மாமா எப்படியும் வெளியே வந்துடுவாருன்னு நினைச்சேன். அவர் தப்பே பண்ணலையே, எப்படியும் விட்டுடுவாங்கன்னு... நான் தள்ளினேன்கா. தள்ள மட்டும்தான் தள்ளினேன்."

அவள் ஆபரேட்டரம்மாவைப் பார்த்தாள். "அவருக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கெஞ்சினாரு."

"பைத்தியக்காரன்" என்றாள் நர்ஸ். அந்த ஒரு வார்த்தையில் பதினோரு வருடக் குடித்தனமும் இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "இவனுக்கு என்ன கொடுப்பாங்க?"

"வேணும்னு செஞ்சது இல்லன்னு கோர்ட் நம்பினா கொஞ்ச வருஷம். தானே போய்ச் சொன்னா இன்னும் கொஞ்சம் குறையலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"நாளைக்குச் சொன்னா?"

"நாளைக்குக் கோர்ட்ல நான் இதைக் கொடுத்தா, பிடிபட்டவன். இன்னிக்கு அவனா போனா, வந்தவன்."

நர்ஸ் எழுந்தாள். வேலைக்குப் போகிற கைப்பையை மாட்டிக்கொண்டு, தம்பியின் முன்னால் போய் நின்று, அவன் கையிலிருந்த மருந்துப் பொட்டலத்தை வாங்கி மேசை மேல் வைத்தாள். அவன் சட்டையில் மேல் பொத்தான் கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டாள்.

"எந்திரி."

"அக்கா, நானே போயிடறேன். நீ வராதே."

"முதல் நாள் ஸ்கூலுக்கு நான்தான் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். உள்ள போகமாட்டேன்னு என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. கேட் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்." அவன் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினாள். "இதுக்கும் நானே கொண்டுபோய் விடறேன். வா."